மோரியாவில் ஈசாக்கு: சமய இருத்தலியத்தில் விசுவாசமும் தர்மமும்

1. வினா

இருத்தலியம் என்றவுடன் நம்மில் பலருக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பாரிஸ் நகரமும், சார்த்தரும் காம்யுவும், கடவுளற்ற உலகில் தனித்து விடப்பட்ட மனிதனுமே நினைவுக்கு வருவது வழக்கம். ஆயினும் இச்சிந்தனையின் ஊற்றுக்கண் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, டென்மார்க்கின் தலைநகரில், கடவுளின் சந்நிதியில் ஒருவன் தனியனாக நிற்பதென்றால் என்ன என்பதை வாழ்நாள் முழுவதும் வினவிக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவரின் எழுத்தில் இருக்கிறது. சோரென் கீர்க்ககார்ட் 1813 மே 5 அன்று கோபன்ஹேகனில் பிறந்து, 1855 நவம்பர் 11 அன்று, தமது 42ஆம் வயதில், அதே நகரத்து மருத்துவமனையொன்றில் மறைந்தார். அவர் வழி நின்றும் அவரோடு மல்லிட்டும் வளர்ந்த யூதரான மார்ட்டின் பூபர், கத்தோலிக்கரான கப்ரியேல் மார்சல், புராட்டஸ்டன்ட் இறையியலாளரான பால் டில்லிக், ரஷ்யரான லெவ் ஷெஸ்தோவ் முதலியோரின் சிந்தனைகளையே ஒருசேரச் சமய இருத்தலியம் என்று வழங்குகிறோம்.

இப்பெயர் சற்றுத் தளர்வான பெயர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றி மறு ஆண்டு நூலாக வெளியிட்ட சொற்பொழிவில், சார்த்தர் இருத்தலியரை இரு வகுப்பாராகப் பிரித்து, தத்துவ அறிஞர் யாஸ்பர்ஸையும் மார்சலையும் கத்தோலிக்கர் எனச் சேர்த்துரைத்தார். யாஸ்பர்ஸோ கத்தோலிக்கர் அல்லர், மார்சலும் பிற்காலத்தில் இருத்தலியர் என்ற பட்டத்தை விரும்பாமல் ஒதுக்கினார். எனினும் இவர்கள் அனைவரையும் பிணைக்கும் இழை ஒன்று உண்டு. எதை நம்பி வாழ்வது, எதன்பொருட்டுச் சாவது என்ற வினாவுக்கான விடை எல்லோர்க்கும் பொதுவான ஒரு சித்தாந்தத்திலிருந்து தருவிக்கப்படுவதன்று, ஒவ்வோர் ஆத்மாவும் தன் வாழ்வையே பணயம் வைத்து அடைய வேண்டுவது என்பதே அது. ஹெகலின் தத்துவம் உலக வரலாறு அனைத்தையும் ஒரே அமைப்புக்குள் அடக்கி, தனிமனிதனையும் அவனுடைய விசுவாசத்தையும் அறிவு கடந்து செல்ல வேண்டிய ஒரு படியாக வைத்திருந்த காலத்தில், இந்நிலைப்பாடு அதைக் கேட்டவர்க்கு எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அவ்விடுதலையோடு ஒரு பேரபாயமும் பிறந்தது. சத்தியம் தனி ஆத்மாவுக்கும் கடவுளுக்கும் இடையே மூன்றாமவர் புகமுடியாத ஓர் உறவில் நிகழ்வதாயின், அவ்வுறவில் தான் கேட்டதாக ஒருவன் சொல்லும் ஆணையைச் சோதிக்கும் உரைகல் எது? அவ்வாணை தர்மத்துக்கு விரோதமானதாக இருந்தால், ஒதுங்க வேண்டியது தர்மமா, ஆணையா? இக்கட்டுரை இந்த ஒரு வினாவையே, கீர்க்ககார்ட் அதை எழுப்பிய நூலையும் அதற்குப் பின்வந்தோர் தந்த மறுப்புகளையும் வைத்து ஆராய முற்படுகிறது.

2. கீர்க்ககார்டுக்கு முன்

வினாவின் களம் ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரம். முதுமையின் எல்லையில் தனக்குப் பிறந்த ஈசாக்கை மோரியா தேசத்து மலையொன்றில் தகனபலியாக இடுமாறு கடவுள் ஆபிரகாமுக்குச் சொல்கிறார். ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து புறப்படுகிறான். மூன்றாம் நாள் மலை தூரத்தில் தென்படுகிறது. விறகைச் சுமந்து வரும் மகன், பலிக்குரிய ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறான். கத்தி உயர்ந்த கணத்தில் தேவதூதனின் குரல் தடுக்கிறது. புதரில் சிக்கிய ஆட்டுக்கடா ஈசாக்குக்குப் பதிலாகப் பலியாகிறது. முதல் 19 வசனங்களுக்குள் அனைத்தும் முடிந்துவிடுகின்றன. ஆபிரகாம் என்ன நினைத்தான் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்த மௌனத்தை உரைகாரர்கள் பலவாறு நிரப்பினர். எபிரெயருக்கு எழுதிய நிருபம், மரித்தோரையும் எழுப்பக் கடவுள் வல்லவர் என்று ஆபிரகாம் எண்ணியதாகக் கூறி அவனை விசுவாசிகளின் வரிசையில் வைத்தது. உயிரின் அதிபதி கடவுளே ஆதலின் அவர் ஆணையால் உயிரை எடுப்பது கொலைக் குற்றத்தில் சேராது என்று தாமஸ் அக்குவினாஸ் தீர்த்துவைத்தார். இவ்விளக்கத்தில் தர்மத்துக்கும் ஆணைக்கும் முரண்பாடே எழுவதில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காண்ட் இதை முற்றிலும் தலைகீழாக்கினார். குற்றமற்ற மகனைக் கொல்லலாகாது என்பது எனக்கு ஐயமின்றித் தெரியும், என்னிடம் பேசுவது கடவுள்தானா என்பதோ அவ்வாறு தெரியாது என்ற பொருள்பட ஆபிரகாம் மறுமொழி சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் 1798இல் வெளியிட்ட நூலொன்றின் அடிக்குறிப்பில் எழுதினார்.

அக்குவினாஸும் காண்ட்டும் எதிரெதிர் முனைகளில் நின்றாலும் ஒரு விஷயத்தில் ஒத்தவர்கள். இருவர் தீர்ப்பிலும் ஆபிரகாமின் மூன்று நாள் வேதனைக்கு இடமில்லை. முன்னவரிடம் அவன் ஆணையை நிறைவேற்றும் நியாயவான், பின்னவரிடம் அவன் செவிப்புலனால் ஏமாந்தவன்.

3. நூல் சொல்வதும் சொல்லாததும்

1843 அக்டோபர் 16 அன்று கோபன்ஹேகனில் வெளியான ‘அச்சமும் நடுக்கமும்’ என்ற சிறு நூலின் ஆசிரியர் பெயர் யொஹான்னஸ் டி சிலென்ஷியோ, அதாவது மௌனத்தின் யோவான். கீர்க்ககார்டின் புனைபெயர்களுள் இது ஒன்று. இப்புனைபெயராளர் தம்மை விசுவாசியென்று சொல்லிக்கொள்வதில்லை; ஆபிரகாமை வியக்க முடிகிறது, விளங்கிக்கொள்ள முடியவில்லை என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. 1846இல் கீர்க்ககார்ட் தம் புனைபெயர்களில் வெளியான நூல்கள் அனைத்தையும் எழுதியவர் தாமே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டபோது, அவற்றிலிருந்து எடுத்தாள்வோர் கூற்றுகளைத் தம் பெயரில் ஏற்றாமல் அந்தந்தப் புனைபெயரின் மீதே ஏற்றுமாறு கேட்டுக்கொண்டார். அவரைக் கண்டிப்போரும் போற்றுவோரும் இவ்வேண்டுகோளைப் பொருட்படுத்தியது அரிது.

நூலின் மையக் கூற்று, தர்மம் என்பது எல்லோர்க்கும் பொதுவான நியதி; தனிமனிதன் அந்நியதிக்குள் தன்னை அடக்கிக்கொள்வதே அறவாழ்வு; ஆனால் விசுவாசத்தில், தனிமனிதன் தனியனாகவே பரம்பொருளோடு ஓர் உறவில் நின்று, அவ்வுறவின் பொருட்டு அப்பொது நியதி சிறிது பொழுது நிறுத்திவைக்கப்படுவதும் நேரலாம் என்பதாகும். கிரேக்கப் படையின் பொருட்டு மகளைப் பலியிட்ட அகமெம்னானும், நேர்ந்துகொண்ட வாக்கின் பொருட்டு மகளை இழந்த யெப்தாவும், ரோமாபுரியின் சட்டத்தின் பொருட்டு தன் புதல்வரைத் தண்டித்த புரூட்டஸும் ஒரு தர்மத்தை அதினும் பெரிய தர்மத்துக்காக விட்டவர்கள்; அவர்களோடு சேர்ந்து அழ ஊரார் உண்டு. ஆபிரகாமின் செயலால் நாடும் காக்கப்படவில்லை, சட்டமும் நிலைநிறுத்தப்படவில்லை. தர்மத்தின் அளவுகோலால் அவன் கொலைக்கு முயன்றவன். சமயத்தின் அளவுகோலால் அவன் பலியிட முயன்றவன். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள முரணில்தான் அவனுடைய தூக்கமின்மை இருக்கிறது என்றும், அதை மறைத்துவிட்டு ஆபிரகாமைப் புகழ்வது நேர்மையாகாது என்றும் நூல் வலியுறுத்துகிறது.

இந்நூலை மதவெறிக்கு வழங்கிய அனுமதிச் சீட்டாகக் கருதுவோர், அதில் வரும் ஒரு காட்சியை மறந்துவிடுகின்றனர். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் போதகர் ஆபிரகாமை வானளாவப் புகழ்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவருள் உறக்கமற்ற ஒருவன் வீட்டுக்குப் போய் அவ்வாறே செய்ய எண்ணுகிறான். அதையறிந்த போதகர் ஓடிவந்து, பிரசங்கத்தில் காட்டாத ஆவேசத்தோடு அவனைப் பாதகன் என்று இடித்துரைக்கிறார். ஞாயிறன்று புகழப்பட்டது திங்களன்று பழிக்கப்படுவது எப்படி என்று கேட்பவர் கீர்க்ககார்டே. அபாயத்தை அவர் அறியாமல் எழுதவில்லை. அறிந்தே, அதை எல்லோரும் காணுமாறு வெளியே எடுத்து வைத்தார்.

அன்றியும் அபாயத்துக்குச் சில வரம்புகளையும் நூல் தன்னுள்ளேயே வகுத்திருக்கிறது. முதலாவது, ஆபிரகாம் ஈசாக்கை முழு மனத்தோடு நேசிக்க வேண்டும். பகைப்பவனும் அலட்சியம் செய்பவனும் மகனைக் கொடுத்தால் அது காயீன் செய்த கொலையே அன்றிப் பலியாகாது. அடுத்தது, உண்மையான விசுவாச வீரன் துணைக்கு ஆள் சேர்ப்பதில்லை. தன்னைப் போன்றோர் பலரைக் கூட்டி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொள்ளும் குழுவினரை நூல் போலிகள் என்றே கூறுகிறது. எல்லாவற்றினும் முக்கியமானது, ஈசாக்கு திரும்பக் கிடைப்பான், இவ்வுலகிலேயே, இவ்வாழ்விலேயே கிடைப்பான் என்று ஆபிரகாம் நம்பியதாக நூல் சொல்வது. எல்லாவற்றையும் துறந்துவிடும் துறவு நிலை ஒன்று. துறந்ததை மீண்டும் இவ்வுலகிலேயே பெறுவோம் என்று நம்பும் விசுவாச நிலை வேறொன்று. அந்த விசுவாசியை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரண வரி வசூல் அதிகாரியைப் போலத்தான் இருப்பான், மாலையில் வீடு திரும்புகையில் மனைவி என்ன சமைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு நடப்பான் என்று கீர்க்ககார்ட் வரைந்திருக்கும் சித்திரம், இச்சிந்தனை உலகத்தை வெறுக்கும் சிந்தனை என்ற பொதுக் கருத்துக்கு நேர் மறுப்பு. 1942இல் காம்யு இவரையும் ஷெஸ்தோவையும், தர்க்கத்தின் எல்லையில் அறிவையே பலிகொடுத்துத் தாவியவர்கள் என்றும், அது தத்துவார்த்தமான தற்கொலை என்றும் குற்றஞ்சாட்டினார். குற்றச்சாட்டில் வலு உண்டாயினும், அவர் கணக்கில் இந்த வரி வசூல் அதிகாரி இடம்பெறவில்லை.

4. சொல்லாமல் புறப்பட்டவன்

நூலின் மூன்றாவது வினா, ஆபிரகாம் தன் நோக்கத்தைச் மனைவி சாராளிடமும் ஊழியன் எலியேசரிடமும் ஈசாக்கிடமும் மறைத்தது தர்மத்தின்படி ஏற்கத்தக்கதா என்பது. கீர்க்ககார்டின் விடை, அவன் மறைக்கவில்லை, அவனால் சொல்ல இயலவில்லை என்பது. மொழி பொதுவானது, பொதுவில் சொல்லத்தக்க நியாயம் அவனிடம் எதுவுமில்லை.

இங்கே வாழ்க்கை வரலாற்றின் நிழல் நூலின் மீது விழுந்திருக்கிறது என்பதை ஆய்வாளர் பலர் ஏற்கின்றனர். 1840 செப்டம்பரில் ரெகினே ஓல்சனோடு நடந்த திருமண நிச்சயத்தை, 1841இல், அவளுக்கு விளங்கும் காரணம் எதையும் சொல்லாமலே கீர்க்ககார்ட் முறித்துக்கொண்டு பெர்லின் சென்றார். தமக்கு விசுவாசம் இருந்திருந்தால் ரெகினேயோடு இருந்திருப்போம் என்று 1843இல் தம் குறிப்பேட்டில் எழுதினார். அக்குறிப்பை வைத்துப் பார்த்தால், அவர் தம்மை ஆபிரகாமாகக் கண்டார் என்ற எளிய விளக்கம் நிற்காது. துறவின் படிவரை வந்து விசுவாசத்தின் படியை எட்டாதவராகவே தம்மைக் கண்டார். ஆனாலும் சொல்லாமல் பிரிந்த ஒருவர், சொல்லாமல் புறப்பட்டவனின் மௌனத்தைத் தவிர்க்க முடியாததாகக் கண்டது தற்செயலன்று.

அந்த மௌனம் உண்மையில் தவிர்க்க முடியாததா? இதே நிகழ்ச்சியைக் கூறும் குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்தில், இப்ராஹீம் தாம் கண்ட கனவை மகனிடம் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்கிறார், மகன் இசைகிறார், அதன் பின்னரே இருவரும் பலிக்கு முற்படுகின்றனர். பெரிய புராணத்துச் சிறுத்தொண்டர் வரலாற்றை ஆபிரகாமின் கதையோடு ஒருங்கே வைத்து ஆராய்ந்த டேவிட் ஷுல்மனின் நூல் 1993இல் வெளிவந்தது. அவ்வரலாறு மோரியாவினும் கொடியது. அங்கே கத்தி தடுக்கப்படுவதில்லை, மகன் சீராளன் அறுக்கப்பட்டுக் கறியாகவே சமைக்கப்படுகிறான், பின்னரே உயிரோடு வருகிறான். ஆனால் அங்கே தாய் அறியாத செயல் ஒன்றுமில்லை. திருவெண்காட்டு நங்கையார் ஒவ்வொரு படியிலும் உடன் நிற்கிறார். அதனால் அச்செயல் தர்மமாகிவிடும் என்று நான் வாதிக்க வரவில்லை. உடன்பாடு கொடுமையைக் குறைப்பதில்லை, பாலகனின் உடன்பாட்டுக்கோ பொருளே இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றே: பரம்பொருளின் ஆணையைக் கேட்டவன் யாரிடமும் வாய் திறக்க இயலாதவன் என்பது ஆணையின் இயல்பிலிருந்து பிறக்கும் முடிவன்று, தனிமனிதனை எல்லா உறவுகளிலிருந்தும் பிரித்து நிறுத்திப் பார்க்கும் கீர்க்ககார்டின் தத்துவத்திலிருந்து பிறக்கும் முடிவு.

5. ஆட்லர் என்னும் போதகர்

‘அச்சமும் நடுக்கமும்’ வெளிவந்த அதே ஆண்டில், கடவுளின் குரலைக் கேட்டதாகச் சொல்லும் ஒருவர் டென்மார்க்கிலேயே தோன்றினார். அடால்ஃப் பேட்டர் ஆட்லர் பால்டிக் கடலில் உள்ள போர்ன்ஹோம் தீவின் போதகர். ஹெகலின் தர்க்கத்தைப் பற்றி நூல் எழுதியவர். கீர்க்ககார்டின் பள்ளித் தோழருமாவார். 1842 டிசம்பரில் ஓர் இரவு கிறிஸ்து தம்மிடம் பேசியதாகவும், தம் பழைய எழுத்துகளை எரிக்கச் சொன்னதாகவும் அவர் 1843இல் பதிப்பித்த பிரசங்கத் தொகுதியின் முன்னுரையில் அறிவித்தார். திருச்சபை 1844இல் அவரைத் தற்காலிகமாகப் பதவிநீக்கி, விசாரணைக் கேள்விகளை அனுப்பி, 1845இல் பதவியிலிருந்தே விலக்கியது. அடுத்த ஆண்டு ஆட்லர் ஒரே முறையில் நான்கு நூல்களை வெளியிட்டார்.

கீர்க்ககார்ட் அந்நூல்களை வாங்கிப் படித்து, ஆட்லரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார், பலமுறை திருத்தினார், ஆட்லரைப் புண்படுத்தலாகாது என்ற தயக்கத்தால் அதைத் தம் வாழ்நாளில் வெளியிடாமலே வைத்திருந்தார். அதன் ஒரு பகுதி மட்டும், மேதைக்கும் அப்போஸ்தலனுக்கும் உள்ள வேறுபாடு பற்றிய கட்டுரையாக, 1849இல் வேறொரு புனைபெயரில் வெளிவந்தது. நம் வினாவைப் பொறுத்தவரை இக்கையெழுத்துப் பிரதி ‘அச்சமும் நடுக்கமும்’ நூலுக்குச் சமமான முக்கியத்துவம் உடையது என்பது என் கருத்து. ஆனால் பொதுவாசகர் இதை அறிந்திருப்பது அரிது.

தனி ஆத்மாவின் அனுபவமே முடிந்த முடிபு என்று கீர்க்ககார்ட் கருதியிருந்தால், ஆட்லரை அவர் மறுத்திருக்க இடமில்லை. ஆனால் அவர் ஆட்லரை மறுக்கிறார், அதுவும் ஆட்லரின் சொற்களைக் கொண்டே. கிறிஸ்துவே கட்டளையிட்டார் என்று முதலில் சொன்னவர், திருச்சபை கேட்டபோது, அது தாம் ஆவியின் எழுச்சியில் இருந்த நிலை, தொடக்க நிலையில் எழுந்த குழப்பமான வெளிப்பாடு, காலப்போக்கில் கருத்துகளைத் தெளிவாக்கிக்கொள்ளலாம் என்ற தோரணையில் விடையளித்தார். வெளிப்பாடு என்பது அவ்வாறு படிப்படியாகச் செம்மையாகும் மேதைமையின் பண்டம் அன்று. அதைப் பெற்றவன் ஒன்று அதில் உறுதியாக நிற்க வேண்டும், அல்லது தான் தவறினேன் என்று திரும்பப் பெற வேண்டும். ஆட்லர் இரண்டையும் செய்யாமல், உள்ளக் கிளர்ச்சியைக் கடவுளின் குரலாக மாற்றிக் கொண்டார் என்பது கீர்க்ககார்டின் தீர்ப்பு. அசாதாரணமான அழைப்பைப் பெற்றவன் நிலைபெற்ற ஒழுங்கை மதித்து, அதன் தண்டனையைத் தன்மீது ஏற்றுக்கொண்டு, தான் எவ்வளவு அபாயகரமானவன் என்பதைத் தானே அஞ்சி நடக்க வேண்டும் என்றும் அவர் சேர்த்துரைக்கிறார்.

ஆகவே, கீர்க்ககார்டிடம் உரைகல்லே இல்லை என்ற வழக்கமான குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் அந்த உரைகல் எத்தகையது என்று பார்த்தால், அது முழுவதும் அழைக்கப்பட்டவனையே உரசிப் பார்க்கிறது. அவன் உறுதியுள்ளவனா, அவன் அன்புள்ளவனா, அவன் தண்டனைக்குத் தயாரா என்று கேட்கிறது. மலைமேல் கட்டுண்டு கிடப்பவனைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை.

6. ஈசாக்கின் பக்கம்

கீர்க்ககார்ட் ஈசாக்கை முற்றும் மறந்தவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். நூலின் தொடக்கத்தில் மோரியாப் பயணத்தை நான்கு விதமாகக் கற்பனை செய்து எழுதும் இடத்தில், முதல் கற்பனையில் ஆபிரகாம், மகன் கடவுள்மீது நம்பிக்கை இழப்பதைவிடத் தன்மீது இழக்கட்டும் என்று தன்னையே ஒரு கொடியவனாகக் காட்டிக்கொள்கிறான். நான்காவதில், கத்தியை உருவும் தந்தையின் கை அவநம்பிக்கையில் இறுகுவதை ஈசாக்கு கண்டுவிடுகிறான். வீடு திரும்பிய அவனிடம் விசுவாசம் போய்விட்டது. அதைப் பற்றி ஒருவரோடும் அவன் பேசவில்லை. நவீன இலக்கியத்தில் இப்பக்கங்களுக்கு நிகரான பக்கங்கள் சிலவே. ஆனால் கற்பனை முடிந்து தத்துவ விசாரணை தொடங்கியவுடன் ஈசாக்கு மறைந்துவிடுகிறான்.

வேதப் பகுதியே இவ்விஷயத்தில் தத்துவ ஞானியைவிடக் கூர்மையானது. ஆபிரகாம் மலையிலிருந்து வேலைக்காரரிடம் திரும்பி வந்ததைச் சொல்லும் 19ஆம் வசனம் ஈசாக்கின் பெயரைச் சொல்வதில்லை. அதன்பின் தந்தையும் மகனும் ஒருவரோடொருவர் பேசியதாக ஆதியாகமத்தில் எங்கும் இல்லை. அடுத்த அதிகாரம் சாராளின் மரணத்தோடு தொடங்குகிறது. மோரியாவின் செய்தி எட்டியதாலேயே அவள் உயிர் பிரிந்தது என்று யூத மரபின் பண்டை உரைகள் இரு அதிகாரங்களையும் இணைத்துப் படித்தன.

இம்மரபில் வளர்ந்த பூபர், கீர்க்ககார்டோடு தம் வாழ்நாளில் இருமுறை விரிவாக வாதிட்டார். இளமையில் தாமும் தனிமையான சமயப் பரவசத்தில் திளைத்தவரே. அத்தகைய ஒரு காலைப்பொழுதுக்குப் பின் தம்மைப் பார்க்க வந்த இளைஞன் ஒருவனிடம் அன்பாகப் பேசியும், அவன் கேட்காமல் கேட்ட வினாவை உணராமல் போனதையும், பின்னர் அவன் உயிரோடு இல்லை என்று அறிந்ததையும், அன்று முதல் அன்றாடத்திலிருந்து விலகிய பரவச சமயத்தைக் கைவிட்டதையும் அவர் தம் கட்டுரையொன்றில் பதிந்திருக்கிறார். ‘நானும் நீயும்’ என்ற அவரது நூல் 1923இல் வெளிவந்தது. மனிதன் பிற உயிரை ஒரு பொருளாகக் கையாளாமல் ‘நீ’ என்று முழுமையாக எதிர்கொள்ளும் ஒவ்வோர் உறவின் வழியாகவும் நித்தியமான ‘நீ’யாகிய கடவுள் தென்படுகிறார் என்பது அதன் சாரம். இந்நிலையிலிருந்து பார்த்தபோது, ரெகினேயைத் துறந்தால்தான் கடவுளை அடையலாம் என்ற எண்ணமே பூபருக்குப் பிழையாகத் தோன்றியது. படைப்பு கடவுளுக்குப் போகும் வழியில் கிடக்கும் தடையன்று, அதுவே வழி என்று 1936இல், நாஜிகளின் ஆட்சிக்குட்பட்ட ஜெர்மனியிலேயே வெளியிட்ட நூலில் அவர் எழுதினார்.

1938இல் ஜெருசலேம் சென்று குடியேறிய பூபர், 1952இல் வெளியான ‘கடவுளின் கிரகணம்’ என்ற நூலில் மீண்டும் மோரியாவுக்கு வந்தார். ஆபிரகாமுக்குப் பேசியது யார் என்ற ஐயத்தைக் கீர்க்ககார்ட் எழுப்பவே இல்லை என்பது இம்முறை அவர் வாதம். நரபலி கேட்ட மோளேகும் கடவுளின் குரலைப் போலவே பேச வல்லவன். நம் யுகத்திலோ பரம்பொருளின் வேடம் பூண்ட போலிகள் நாலா திசையிலிருந்தும், உன் ஈசாக்கைக் கொடு என்று கேட்கின்றன. சமத்துவம் வரும், விடுதலை வரும் என்று நம்பி, நேர்மையான இளைஞர்களே தங்கள் உண்மையையும் இரக்கத்தையும் அப்பலிபீடத்தில் வைக்கிறார்கள். மீகா தீர்க்கதரிசி சொன்ன நியாயமும் இரக்கமும் மனத்தாழ்மையுமே சாதாரண மனிதனிடம் கடவுள் கேட்பவை; அதற்கு மேற்பட்ட ஆணை வந்தால், குரலை ஐயுறுக.

பூபரைப் போலவே கீர்க்ககார்டை மறுத்த மற்றொருவரான இம்மானுவேல் லெவினாஸின் பிறப்பிடம் லித்துவேனியா. அங்கிருந்த தம் பெற்றோரையும் சகோதரரையும் நாஜிகளின் கொலைக்கு இழந்த லெவினாஸ், 1960களில் கீர்க்ககார்டுக்கு எழுதிய மறுப்பில், கதையின் உச்சம் ஆணையைக் கேட்டதில் இல்லை, நிறுத்து என்ற இரண்டாம் குரலைக் கேட்டுக் கத்தியைத் தாழ்த்தியதில்தான் இருக்கிறது என்றார். சோதோமின் நீதிமான்களுக்காக அதே ஆபிரகாம் கடவுளோடே வழக்காடியதைக் கீர்க்ககார்ட் ஏன் பேசவில்லை என்ற அவர் வினாவுக்கு, கீர்க்ககார்டின் எழுத்துக்குள்ளிருந்து என்னால் விடை காண இயலவில்லை.

இங்கு மார்சலையும் நினைக்க வேண்டும். முதல் உலகப் போரில் காணாமற்போன வீரர்களைப் பற்றிய விசாரணைகளுக்கு விடையளிக்கும் செஞ்சிலுவைச் சங்கப் பணியில் அவர் இருந்தார். அட்டையில் ஒரு பெயராக இருந்தவன், அவனைத் தேடி வந்த தாயின் முகத்தில் ஒரு முழு மனிதனாக எழுவதை அங்கே கண்டார். தீர்த்துவிடத்தக்க சிக்கல் ஒன்று, நாமே அதனுள் நிற்பதால் தீர்க்க முடியாத மர்மம் வேறொன்று என்று அவர் பின்னர் வகுத்த வேறுபாட்டுக்கு இந்த அனுபவம் அடித்தளம். ஆபிரகாமின் சோதனையில் ஈசாக்கு ஒரு சிக்கலின் உறுப்பாகிவிடுகிறான் என்பதே மார்சலின் வழியில் நாம் எழுப்பக்கூடிய ஆட்சேபம்.

7. ஒரே ஆசிரியரின் இரு வாசகர்கள்

வாதங்களைவிட வரலாறு சில சமயம் தெளிவாகப் பேசும். எமானுவேல் ஹிர்ஷ் 1888இல் பிறந்த ஜெர்மானிய இறையியலாளர்; கீர்க்ககார்டைப் பற்றி 1930களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்வுகளும், பின்னர் செய்த மொழிபெயர்ப்புகளும் இன்றும் அறிஞர்களால் மதிக்கப்படுகின்றன. கீர்க்ககார்டை அவரைப் போல் வரிவரியாக அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவர் 1933இன் ஆட்சி மாற்றத்தில் ஜெர்மானிய இனத்துக்குக் கடவுள் விடுத்த அழைப்பைக் கண்டு, நாஜிகளின் பக்கம் நின்றார். அவருடைய பழைய நண்பரும், அதே ஆண்டில் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து விலக்கப்பட்டு நியூயார்க் சென்றவருமான டில்லிக், 1934இல் ஒரு பகிரங்கக் கடிதத்தில் அவரைக் கண்டித்தார். வரம்புள்ள ஒன்றை, அது நாடாயினும் இனமாயினும், வரம்பற்றதாக்கி வணங்குவது விக்கிரக ஆராதனை என்று டில்லிக் பிற்காலத்தில் விரித்துரைத்த கருத்தின் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது.

டீட்ரிக் போன்ஹோஃபரும் கீர்க்ககார்டைப் படித்தவர்; 1937இல் வெளியான அவரது சீடத்துவம் பற்றிய நூலில் கீர்க்ககார்டின் தாக்கம் வெளிப்படை; அதில் ஆபிரகாமும் ஈசாக்கும் வருகிறார்கள். அவர் ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்டு, 1943 ஏப்ரலில் கைதாகி, 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்புர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ஒரு போதகர், கொலையையும் உட்கொண்ட ஒரு சதியில் சேர்ந்தது, தர்மத்தை நிறுத்திவைத்ததன்றி வேறென்ன என்று கேட்கலாம். ஆனால் அவர் விட்டுச்சென்ற அறவியல் கையெழுத்துப் பிரதிகளில், பிறர்பொருட்டு அவ்வாறு செயற்படுபவன் குற்றத்தைத் தன்மீது ஏற்கிறான், தன்னை நியாயவான் என்று சொல்லிக்கொள்ளாமல் கடவுளின் கருணைக்கே தன்னை ஒப்புக்கொடுக்கிறான் என்றே எழுதுகிறார். அவர் நிறுத்திவைத்ததெல்லாம் தம் நிரபராதித் தன்மையை மட்டுமே.

இவ்விருவரையும் வேறுபடுத்தியது புலமையன்று. துணிவும் அன்று, ஹிர்ஷிடம் துணிவு குறைந்திருந்ததாகச் சொல்ல முடியாது. ஹிர்ஷ் ஓர் இனத்தின் கூட்டத்தோடு சேர்ந்து, வெற்றி பெற்றவர் பக்கம் நின்று, அதையே விசுவாசத்தின் துணிவென்றார். பலியானவர் எப்போதும் மற்றவரே. கீர்க்ககார்ட் வகுத்த வரம்புகளில் குழு சேர்தலைப் பற்றிய வரம்பை அவர் மீறினார் என்று அந்நூலை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் அந்நூலை அவ்வளவு நன்றாக அறிந்த ஒருவரை அந்நூல் தடுக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

8. தீர்ப்பு

அழைக்கப்பட்டவனின் உள்ளத்தை வருணிக்கும் நூல் என்ற அளவில் ‘அச்சமும் நடுக்கமும்’ உண்மையானது. அதற்கு நிகராக விசுவாசத்தின் விலையைச் சொன்ன தத்துவ நூல் ஐரோப்பாவில் இல்லை என்பேன். அதை ஒரு செயலுக்கு நியாயமாகப் பிறர்முன் வைக்க முற்பட்டால் அது பொய்யாகிவிடுகிறது. தர்மத்தை நிறுத்திவைக்கிறேன் என்று ஊரறியச் சொல்பவன், அவ்வாறு சொன்னதனாலேயே, கீர்க்ககார்ட் காட்டிய ஆபிரகாம் அல்லன். இது கீர்க்ககார்டிடமிருந்தே பெறும் தீர்ப்பு. மற்றொரு தீர்ப்பைப் பூபரிடமிருந்தும் லெவினாஸிடமிருந்தும் பெற வேண்டியிருக்கிறது: பலியின் செலவு ஈசாக்கின் மீது விழுமாயின், அக்குரலை ஐயுறும் கடமை விசுவாசிக்கே முதலில் உண்டு, ஐயுறுவது விசுவாசக் குறைவாகாது. கீர்க்ககார்டே 1847இல் தம் சொந்தப் பெயரில் எழுதிய ‘அன்பின் செயல்கள்’ நூலில், அயலானை நேசிப்பதைக் கடவுளின் கட்டளையாகவே வைத்து, இதற்கு மிக அருகில் வந்தார்.

நம் காலத்தில் கடவுளின் பெயராலும், கடவுளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட நாடு, இனம், கொள்கை இவற்றின் பெயராலும் பிறர் பிள்ளைகளைக் கேட்கும் குரல்கள் ஓயவில்லை. ஆதலின் ‘அச்சமும் நடுக்கமும்’ நூலைக் கையில் எடுக்கும் வாசகர் அதனோடு நின்றுவிடாமல், ஆட்லரைப் பற்றிய கையெழுத்துப் பிரதியையும் பூபரின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரையையும் உடன்வைத்துப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தமிழில் சமய இருத்தலியத்தை அறிமுகம் செய்வோரும் இம்மூன்றையும் ஒருசேர மொழிபெயர்த்து வெளியிடுவதே நேர்மையான முறையாகும்.